மீனை வாடகைக்கு எடுத்த பேராசிரியர்

தணிகாசலம் சார் இறந்துவிட்டார். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மூலக்குளத்தில் தம் வீட்டிலேயே, காப்பி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அந்தச் செய்தி வந்தபோது நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். கடையைத் திறந்து மோட்டாரைப் போடுகிற நேரத்தில் போன் அடித்தது. திரையில் அவர் பெயர். அவர் கேட்டிருந்த மீன் வரவில்லை, நானும் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தேன். அதனால் போனை எடுத்ததுமே, "சார், லோடு இன்னும் வரல சார். நான் இன்னா பண்ணட்டும்? மீனு இன்னா மரத்துலயா காய்க்குது, பறிச்சுத் தர?" என்று ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பக்கம் பேசியது அவர் மனைவி இந்திரா டீச்சர். நான் மூச்சு வாங்கிய இடத்தில் அவர் சொன்னார்: "ராஜி, மீன் வேணாம். சார் தவறிட்டாரு. மாடியில தொட்டியெல்லாம் வெயில்ல நிக்குது. நீ வா."

துக்க வீட்டுக்குப் போய் நான் முதலில் செய்த காரியம் மாடியேறித் தொட்டிகளுக்கு ஈரச் சாக்கு போட்டதுதான். கீழே அழுகைச் சத்தம், மேலே நான் சாக்கைப் பிழிந்துகொண்டிருந்தேன். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் யார் இந்த அம்மா என்று பார்த்தார்கள். வில்லியனூரில் நடந்த நினைவுக் கூட்டத்திலும் அதே பார்வைதான். அங்கே அவரிடம் படித்தவர்கள் பேசினார்கள். எனக்கும் மைக்கைக் கொடுத்து, "ரெண்டு நிமிஷம்மா" என்றார்கள். ரெண்டு நிமிஷத்தில் அடங்குகிற ஆளா அவர்? நினைவு மலருக்கு எழுதித் தருகிறேன் என்று சொல்லி இறங்கிவிட்டேன். அதுதான் இது.

என்னைத் தெரியாதவர்களுக்கு: என் பெயர் ராஜேஸ்வரி. மூலக்குளம் மெயின் ரோட்டில் கலர் மீன் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் பல வருஷம் கடற்கரையிலிருந்து கூடையில் மீன் எடுத்துவந்து வில்லியனூர் மார்க்கெட்டில் விற்றேன். செத்த மீனை விற்கும்போது, இன்று காலையில்தான் செத்தது என்று சத்தியம் செய்ய வேண்டும். உயிர் மீனை விற்கும்போது, இன்று சாயங்காலத்துக்குள் சாகாது என்று சத்தியம் செய்ய வேண்டும். இரண்டு தொழிலுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். இதில் லாபம் கூடுதல், அதனால் இதற்கு வந்தேன்.

சார் முதன்முதலில் கடைக்கு வந்தது ஒரே ஒரு மீன் வாங்க.

"இன்னா மீனு சார் வேணும்?"

"எதுவா இருந்தாலும் சரிம்மா. நல்லா பசி எடுக்கிற மீனா இருக்கணும்."

நாற்பது வகை மீன் வைத்திருக்கிறேன். கலர் கேட்பார்கள், ராசி கேட்பார்கள், வாஸ்து கேட்பார்கள். பசி கேட்டு வந்தவர் இவர் ஒருவர்தான். நன்றாகத் தின்கிற ஒரு ஏஞ்சல் மீனைப் பிடித்துக் கவரில் போட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரம் அதே கவரில் அதே மீனோடு வந்து நின்றார்.

"இன்னா சார், சீக்கா?"

"இல்லம்மா, நல்லா இருக்கு. எனக்கு மீன் வேணாம். மீன் இருந்த தண்ணிதான் வேணும். அது கிடைச்சாச்சு. இதை நீங்களே வச்சுக்குங்க."

ஆளை மேலும் கீழும் பார்த்தேன். முழங்கால்வரை மடித்துவிட்ட பேண்ட், ரப்பர் செருப்பு, சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் மருந்து சொட்டு விடுகிற கண்ணாடிக் குழாய். ஒன்று பைத்தியம், இல்லையென்றால் பென்ஷன்காரர் என்று கணக்குப் போட்டேன். இரண்டுமே வியாபாரத்துக்கு நல்லதுதான். "வித்த மீனத் திருப்பி எடுக்கறது எங்க தொழில்ல கெடையாது சார். வேணும்னா வாடகைக்குத் தரேன்" என்று கிண்டலுக்குச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வார வாடகையா, மாச வாடகையா?" என்றார்.

அப்படித்தான் மீனை வாடகைக்கு விட ஆரம்பித்தேன். வாரம் ஒரு மீன் போகும், பழைய மீன் கொழுத்துத் திரும்பி வரும். அவர் வீட்டு மாடித் தொட்டியில் சும்மா நீந்தி, தன் வாசனையைத் தண்ணீரில் விட்டுவிட்டு வருவதுதான் அதற்கு வேலை. இதைவிடச் சொகுசான உத்தியோகம் புதுச்சேரியில் எனக்குத் தெரிந்து கிடையாது.

அந்தத் தண்ணீரை வைத்து அவர் என்ன செய்கிறார் என்று நான் கேட்கவில்லை. வாடகை வருகிறது, நமக்கென்ன. ஆனால் அந்த சீசனில் எனக்கு ஒரு இடி விழுந்தது. டாப்னியா என்று ஒரு தண்ணீர்ப்பூச்சி இருக்கிறது. குண்டூசித் தலை அளவுதான் இருக்கும். பூச்சி என்று சொல்கிறோமே தவிர இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துச் சொந்தம். ஏரியில், குட்டையில் தத்தித் தத்தி நீந்தும். கலர் மீன் குஞ்சுகளுக்கு அதுதான் தாய்ப்பால். பாகூர் ஏரியில் வலை போட்டு அதை எனக்கு எடுத்துவந்து தருகிற ஆள் ஒருவர் உண்டு. திடீரென்று குஞ்சுகள் அதை வாயில் வாங்கித் துப்ப ஆரம்பித்தன. வாங்குவதும் துப்புவதுமாகப் பட்டினியில் சாகின்றன. பூச்சியை மாற்றிக் கொடுத்து ஏமாற்றுகிறான் என்று அந்த ஆளுக்குப் போன் போட்டு, கடற்கரையில் கற்ற பாஷை முழுவதையும் செலவு செய்தேன்.

மீன் மாற்ற வந்திருந்த சார், நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாக ஓரமாக நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்த குழாயை எடுத்தார். ஒரு சொட்டு எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"பூச்சி மாறலம்மா. கொம்பு வச்சிருக்கு."

"கொம்பா?"

"வந்து பாருங்க."

அவர் வீட்டு மாடியில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்த நிமிஷம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. கண்ணாடி மாதிரி உடம்பு, உள்ளே இதயம் படபடவென்று அடிப்பது தெரிந்தது. முதுகுப் பக்கம் பையில் முட்டைகள். தலையில் கூராக ஒரு ஈட்டி, வாலில் உடம்பைவிட நீளமாக இன்னொரு ஈட்டி. வாயில் குத்தினால் என் குஞ்சு துப்பாமல் என்ன செய்யும்? பக்கத்தில் இன்னொரு கண்ணாடித் தகடு. அதில் இருந்தது மொழுக்கென்று மொட்டைத் தலை, குட்டை வால்.

"இது வேற பூச்சி" என்றேன்.

"அதோட பேத்தி" என்றார்.

மீன் வாசனை தண்ணீரில் இருந்தால் தாய்ப்பூச்சி கொம்போடு குட்டி போடுமாம். அந்த வருஷம் ஏரியில் மீன் பெருத்திருந்ததாம். மீன் இல்லாத தண்ணீரில் வளர்த்தால் சில தலைமுறையிலேயே மொட்டைத் தலைக்கு வந்துவிடுமாம். கொம்பு வளர்க்கச் செலவு ஆகிறதாம், எதிரி இல்லாத ஊரில் எதற்கு வீண் செலவு? இதைக் கேட்டதும் அந்தப் பூச்சியின்மேல் எனக்குத் தனி மரியாதை வந்துவிட்டது. நானும் அப்படித்தான் கடை நடத்துகிறேன்.

அன்றே கடைக்குப் பின்னால் மீன் வாசனையே படாத தொட்டி ஒன்று கட்டினேன். பூச்சியை அதில் விட்டு வளர்த்து, கொம்பு போன பிறகு குஞ்சுக்குப் போட்டேன். அந்த சீசனில் மற்ற கடைகளில் குஞ்சு செத்தபோது என் கடையில் பிழைத்தது. ஏதோ மருந்து வைத்திருக்கிறேன் என்று பேசிக்கொண்டார்கள். நானும் இல்லை என்று சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். எப்படியும் பாதிப் பேர் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"வேற மாதிரி இருக்குன்னு வேறன்னு சொல்லிடாதே. ஒரே மாதிரி இருக்குன்னு ஒண்ணுன்னும் சொல்லிடாதே." இதை அவர் வாயிலிருந்து கேட்காதவர்கள் இதைப் படிப்பவர்களில் யாரும் இருக்க மாட்டார்கள். எதற்கும் இதையே சொல்வார். ஒருநாள் அவர் வீட்டில் சாப்பிட்டேன். டீச்சர் சாம்பாரைப் பரிமாறிவிட்டு அடுத்து ரசம் ஊற்றினார். சார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வேற மாதிரி இருக்குன்னு வேறன்னு சொல்லிட முடியாது" என்றார். அன்றைக்கு அவருக்கு மோர் கிடைக்கவில்லை.

இந்திரா டீச்சர் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றும் கையில் பிரம்பு இருக்கிற மாதிரியே பேசுவார். அவருக்கும் பூச்சிக்கும் ஆகாது. ஃபிரிட்ஜில் ஒரு தட்டு முழுக்கச் சேற்று டப்பாக்கள். "என் ஃபிரிட்ஜுல எனக்கு எடம் இல்ல ராஜி. தயிர வெளியில வச்சிட்டு சேத்த உள்ள வைக்கிற வூடு எங்கயாவது பாத்திருக்கியா?" என்பார். சார் ஒருமுறை எங்கள் இருவருக்கும் அந்தச் சேற்றின் மகிமையை விளக்கினார். தண்ணீர் நிறைய இருக்கும்வரை அந்தப் பூச்சியில் எல்லாம் பெண்தான். ஆண் துணையே வேண்டாம், பெண்ணே பெண்ணைப் பெற்றுக்கொண்டு போகும். குட்டை வற்றப் போகிறது என்று தெரிந்தால்தான் ஆண் பிறக்கும். அப்போது இணைந்து, குதிரைச் சேணம் மாதிரி ஒரு உறைக்குள் முட்டை வைக்கும். அது சேற்றோடு காய்ந்து வருஷக்கணக்கில் கிடக்கும், மழை வந்தால் பொரிக்கும்.

டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நல்ல காலத்துல ஆம்பளையே தேவையில்ல. கெட்ட காலத்துக்குத்தான் வரான்" என்றார்.

"ஆமா."

"பூச்சிக்கு வெவரம் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். டப்பாக்களுக்கு அதற்குப் பிறகு இன்னொரு தட்டும் கிடைத்தது.

இனி பண்டசோழநல்லூர் குட்டைக்கு வருகிறேன். அவருடைய கடைசி வருஷங்கள் முழுவதும் அந்தக் குட்டையில்தான் கிடந்தன.

பாகூர், வில்லியனூர் சுற்றுவட்டாரத்தில் அவர் குழாய் விடாத நீர்நிலை கிடையாது. எங்கே எடுத்த பூச்சியும் மீன் வாசனை காட்டினால் கொம்பு வைத்தது. பண்டசோழநல்லூரில் கரும்புக் கொல்லை ஓரம் இருந்த ஒரு குட்டைப் பூச்சி மட்டும் வைக்கவில்லை. என் வாடகை மீன்கள் வரிசையாகப் போய்த் தங்கின. தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பார்த்தார். மொட்டைத் தலை மொட்டைத் தலையாகவே இருந்தது. அந்தக் குட்டை எந்த வாய்க்காலோடும் சேராதது, ஒவ்வொரு கோடையிலும் காய்ந்துபோவது. அதில் மீன் என்பதே இருந்ததில்லை. ஆக, எதிரியைப் பார்க்காத பூச்சி கொம்பையே மறந்துவிட்டது. மறந்ததோடு நின்றதா, இல்லை தனி இனமாகவே பிரிந்துவிட்டதா? பாகூர்ப் பூச்சியும் பண்டசோழநல்லூர்ப் பூச்சியும் ஒன்றா, இரண்டா? அவருக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான்.

குட்டையை ஒட்டிக் கரும்பு போட்டிருந்தவர் வேலாயுதம். வாரா வாரம் ஒரு வயசானவர் வந்து தண்ணீரில் குழாய் விடுவதைப் பார்த்து அவருக்குச் சந்தேகம். ஒருநாள் நான் கூடப் போயிருந்தபோது வழிமறித்துக் கேட்டார். "இன்னா சார் தேடறீங்க? தங்கமா? பெட்ரோலா? எதா இருந்தாலும் எங்க ஊருக்குப் பங்கு குடுத்துத்தான் ஆவணும்."

சார் இனம், பிரிவு, பரம்பரை என்று ஆரம்பித்தார். வேலாயுதம் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். சார் சட்டென்று நிறுத்தி வேறு மாதிரி சொன்னார்: "இந்தக் குட்டைப் பூச்சிக்கும் பாகூர் ஏரிப் பூச்சிக்கும் பொண்ணு குடுத்து எடுக்கிற உறவு இன்னும் இருக்கான்னு பாக்கறேன். கல்யாணம் ஆகி, குட்டி பொறந்து, அந்தக் குட்டிக்கும் குட்டி பொறந்தா ஒரே இனம். இல்லன்னா வேற."

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா சார்?" என்றார் வேலாயுதம். "பாகூர்ல எங்க பெரியம்மா பொண்ணக் குடுத்துக்கீறோம். நல்ல ஊருதான், ஒண்ணும் கொற சொல்ல முடியாது."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது குட்டையைத் தூர் வாரி ஆழப்படுத்தினார்கள். நல்ல காரியம்தான், மழைத் தண்ணீர் நீண்ட நாள் நின்றது. நின்றதும் ஊர்ப் பொதுவில் முடிவு செய்தார்கள்: மீன் வளர்க்க ஏலம் விடலாம். சார் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அதற்கு முன் அவர் என் கடையில் உட்கார்ந்ததே இல்லை.

"கட்லா, ரோகு விட்டா ஒரு பூச்சி மிஞ்சாது. கொம்பு இல்லாத பூச்சி, லட்டு மாதிரி. ஏலம் எப்படி எடுக்கறதுன்னு சொல்லிக் குடு ராஜி."

"நீங்க எடுத்தா ஊரே சிரிக்கும் சார். நான் எடுக்கறேன். நீங்க வூட்ல இருங்க."

அவருக்காக மட்டும் எடுத்தேன் என்று சொன்னால் பொய். கொம்பே வைக்காத பூச்சி ஒரு குட்டை நிறையக் கிடைத்தால் என் குஞ்சுகளுக்கு வருஷம் முழுக்கக் கவலையில்லை. இரண்டுக்கும் சேர்த்துத்தான் எடுத்தேன்.

வீட்டில் இருங்கள் என்று சொன்ன மனிதர் ஏலத்துக்கு வந்து முன்வரிசையில் நின்றார். என்னை எதிர்த்துக் கேட்டது வேலாயுதம் ஒருவர்தான். அவர் தொகையை ஏற்றும்போதெல்லாம் சார், "ஐயோ" என்பார். கலர் மீன் கடைக்காரி கேட்கிறாள், பேராசிரியர் பதறுகிறார் என்றால் தண்ணீருக்குள் ஏதோ இருக்கிறது என்றுதானே ஊர் நினைக்கும்? ஒவ்வொரு ஐயோவுக்கும் விலை ஒரு படி ஏறியது. கடைசியில் நானே அவர் பக்கம் திரும்பி, "சார், கொஞ்சம் வாய மூடிக்கினு இருங்க, உங்க ஐயோவுக்கு என்னால துட்டு கட்ட முடியாது" என்று கத்திவிட்டேன். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் வேலாயுதமும் விட்டுக்கொடுத்துவிட்டார். விட்டுவிட்டுக் கேட்டார்: "ராஜக்கா, அப்படி இன்னா மீனு வுடப் போற?"

"ஒண்ணும் வுடப் போறதில்ல."

"சரி வுடு. தொழில் ரகசியம்" என்றார்.

அந்தப் பக்கம் குத்தகை எடுத்தவர் முதலில் குட்டைக்கரையில் பூசை போட்டுக் குஞ்சு விட வேண்டும். அதுதான் வழக்கம். நான் விடவில்லை. வாரங்கள் போனதும் ஊரில் பேச்சு கிளம்பியது. பாவம், ஏலத்தில் கையில் இருந்ததை எல்லாம் கொட்டிவிட்டாள், குஞ்சு வாங்க வழியில்லை, வெட்கப்பட்டுக்கொண்டு வராமல் இருக்கிறாள் என்று அவர்களாகவே முடிவு செய்தார்கள். பூசை போடாத குட்டை ஊருக்கும் ஆகாது. வேலாயுதம் முன்னால் நின்று வசூல் செய்தார். பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று கலர் மீனாக வாங்க நினைத்தார்கள். வாங்கியது எங்கே? என் கடையில். நான் லோடு எடுக்கப் போயிருந்தேன். கடைப் பெண் ஆரஞ்சு நிறக் கெண்டை மீன் பதினொன்றை நல்ல விலைக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். பூசை, தேங்காய், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் முடிந்த பிறகு வேலாயுதம் எனக்குப் போன் செய்தார். "ராஜக்கா, ஒண்ணும் கவலப்படாத. உனக்குப் பதிலா நாங்களே வுட்டுட்டோம்."

ஸ்கூட்டரில் சாரைப் பின்னால் வைத்துக்கொண்டு நான் போன வேகத்துக்கு என் லைசன்ஸைப் பிடுங்கியிருக்கலாம். போய் இறங்கினால் குட்டையில் ஆரஞ்சு ஆரஞ்சாக அழகாக நீந்துகின்றன. ஒவ்வொன்றும் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. சார் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அப்படியே தண்ணீரில் இறங்கி நடந்தார். "தின்னுது, தின்னுது" என்று கத்திக்கொண்டே இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளுகிறார். பொங்கல் தொன்னையோடு வந்த வேலாயுதத்துக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"அப்ப நெசமாவே ஒண்ணும் வுடறதா இல்லையா நீ?"

"அதத்தான்யா அன்னைக்கே சொன்னேன்!"

"வியாபாரி நெசத்த சொல்வான்னு யாரு கண்டது?" என்று தொன்னையைக் கீழே வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். அதற்குப் பிறகு ஊரே இறங்கியது. வேட்டியை இரண்டு பேர் பிடித்து வலையாக்கினார்கள். ஒரு அம்மா வீட்டுக் கொசுவலையை உருவிக்கொண்டு வந்தார். நல்ல வேளை, லட்சணம் பார்த்து வாங்கியதால் கலங்கிய தண்ணீரிலும் கண்ணுக்குத் தெரிந்தன. பத்து மீன் சிக்கிவிட்டது. கடைசி ஒன்றை எந்தப் பக்கம் வளைத்தாலும் நழுவியது. எல்லோரும் சலித்துக் கரையேறிய பிறகு ஒரு கொக்கு சாவகாசமாக நடந்து வந்து அதைக் கொத்திக்கொண்டு போனது. சார் சேறு சொட்டச் சொட்ட நின்று அந்தக் கொக்கைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கோயில் வாசப்படி மிதிக்காத மனுஷன், கொக்கக் கும்புடறாரு பாரு" என்றார் வேலாயுதம்.

பிடித்த பத்து மீனையும் கடையிலேயே திருப்பி எடுத்துக்கொண்டேன், பாதி விலைக்கு. ஊர்க் காசு என்பதற்காகத் தொழில் தர்மத்தை விட முடியாது.

பிறகு சார் பல வாரம் அந்தக் குட்டைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மொட்டைத் தலைகள் மொட்டைத் தலையாகவே திரும்பப் பெருகின. "மீன் வாசனை பட்டும் கொம்பு வைக்கல பாத்தீங்களா சார், உங்க கட்சி ஜெயிச்சிடுச்சு" என்றேன். தலையை ஆட்டினார். "ஒரு மத்தியானத்து வாசனை ஆதாரம் ஆகாது ராஜி. இது தப்பிச்சது, அவ்வளவுதான். தப்பிச்சதை நிரூபிச்சதுன்னு எழுதினா நான் வாத்தியார் இல்ல." தனக்குச் சாதகமான ஒன்றை எடுத்துக்கொள்ளாமல் விடுவது எப்படி என்று அன்றைக்குத்தான் பக்கத்திலிருந்து பார்த்தேன். நான் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். பார்த்தேன்.

போன வருஷம் மாடியில் கல்யாண ஏற்பாடு நடந்தது. இரண்டு ஊர்ப் பூச்சியையும் தனித்தனித் தொட்டியில் விட்டு, தண்ணீரைக் குறைத்து நெருக்கினார். இரண்டிலும் ஆண்கள் பிறந்தன. பாகூர் ஆணையும் பண்டசோழநல்லூர்ப் பெண்ணையும் ஒரே கிண்ணத்தில் விடுகிற அன்று வேலாயுதம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு படியேறி வந்தார். "சம்பந்தம் பேசற எடத்துக்கு வெறுங்கையோட வரலாமா?" என்றார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டு நிமிர்ந்து, "மாப்ள ரொம்பப் பொடிசா கீறாரே சார், பொண்ணு நல்லா வாட்டசாட்டமா இருக்கு" என்று குறைபட்டுக்கொண்டார்.

"அந்த இனத்துல ஆம்பள சின்னதாத்தான் இருப்பான்."

டீச்சர் வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு, "எந்த இனத்துலயும்" என்றார்.

பூச்சிகள் இணைந்தன. சேணமும் வந்தது. ஆனால் சார் சந்தோஷப்படவில்லை. சேணம் காலியாகக்கூட இருக்கும், முட்டை இருந்தாலும் பொரிக்காமல் போகும், பொரித்த குட்டி மலடாகவும் போகும் என்றார். அதைக் காயவிட்டு, குளிர வைத்து, பிறகு நனைத்துப் பார்க்க வேண்டும். முதல் தடவை நனைத்ததில் ஒன்றும் பொரிக்கவில்லை. மறுபடி குட்டையிலிருந்து பூச்சி எடுத்து மறுபடி ஏற்பாடு செய்தார். "பூச்சிக்கு அவசரம் இல்ல ராஜி. எனக்குத்தான்" என்று அப்போது சொன்னார். நான் அதை விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொண்டேன். அந்த இரண்டாவது ஏற்பாட்டின் சேணங்கள் டீச்சரின் ஃபிரிட்ஜில் இருக்கும்போதுதான் அவர் போனார்.

காரியம் முடிந்த சில நாளிலேயே குத்தகையும் முடிந்தது. இந்தத் தடவை வேலாயுதம் குட்டையைத் தனக்குக் கேட்டார், அவர் பக்கம் நியாயமும் இருந்தது. கரும்பில் லாபம் ஒன்றும் நிற்கவில்லை. மருமகனுக்கு மீன் வளர்க்க ஆசை. ஊருக்கும் ஒரு குறை: மற்ற குட்டைகள் கோடையில் வற்றும்போது எல்லோரும் இறங்கி மீன் பிடித்து வீட்டுக்கு வீடு பங்கு போடுவார்கள். இந்தக் குட்டையால் யாருக்கும் ஒரு குழம்பு கிடையாது. சார் இருந்தவரை அவர் முகத்துக்காகப் பொறுத்தார்கள். இனி யார் முகத்துக்கு? குட்டையில் மீன் விட்டால் சாருடைய ஒன்றா இரண்டா கேள்வி அதோடு சரி. சேணம் இந்தத் தடவையும் பொரிக்காவிட்டால் திரும்பப் போய் எடுக்கப் பூச்சி இருக்காது.

நான் விலை பேசத் தயாராகப் போனேன். டீச்சரும் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டார், நான் கூப்பிடவில்லை. ஊர் மரத்தடியில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் எழுந்தார்.

"எனக்குப் பூச்சியப் பத்தித் தெரியாது. நாப்பது வருஷம் அவரோட சண்ட போட்டேன், அது தெரியும். அவரு ஒரு கணக்கப் பாதியில விட்டுட்டுப் போயிருக்காரு. பாதிக் கணக்கு எனக்குப் புடிக்காது. மைக்ராஸ்கோப்பு பாக்கப் பழகிக்கிட்டிருக்கேன். மொதல்ல என் கண்ணிமையத்தான் பாத்தேன், இப்பப் பூச்சி தெரியுது. எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க."

வேலாயுதம் துண்டை உதறித் தோளில் போட்டார். "டீச்சர், எங்களுக்கும் வயிறு இருக்குது இல்ல?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்த இடத்தில் நான் நுழைந்தேன். வயிறு என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்குமேல் அது என் தொழில்.

சாரிடமிருந்து உனக்கு மிஞ்சியது என்ன என்று நினைவுக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அவர் லென்ஸை டீச்சர் வைத்துக்கொண்டார், புத்தகங்கள் மாணவர்களுக்குப் போய்விட்டன. எனக்கு அந்தக் குட்டை மிஞ்சியிருக்கிறது. அன்று மரத்தடியில் ஒப்புக்கொண்ட பேச்சு இதுதான். குத்தகை இன்னும் ஐந்து வருஷம், போன தடவைத் தொகைக்கே. குட்டையில் எந்த மீனும் விடக் கூடாது. பூச்சியில் எனக்கு வேண்டியதை நான் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் டீச்சர் எடுத்த பிறகுதான். வேலாயுதம் கரும்புக்குத் தண்ணீர் இறைக்கலாம், முழங்கால் அளவு தண்ணீரை விட்டுவைக்க வேண்டும். கோடையில் குட்டை காய்ந்ததும் யார் வேண்டுமானாலும் வண்டல் அள்ளலாம், காய்ந்த முட்டை கிடக்கிற கிழக்கு மூலையை மட்டும் தொடக் கூடாது. மற்ற குட்டைகளில் மீன் பிடிக்கிற அன்று, கடற்கரையிலிருந்து ஒரு வண்டி மத்தி என் செலவில் வர வேண்டும், வீட்டுக்கு ஒரு கூறு. வேலாயுதத்தின் மருமகனுக்கு என் கடையில் மீன் வளர்ப்பு சொல்லிக்கொடுத்து, வேறு குட்டை ஒன்று நானே பார்த்துத் தர வேண்டும். கடைசி நிபந்தனையை ஊரே சேர்ந்து போட்டது: அந்த இரண்டு பூச்சியும் ஒன்றா வேறா என்று தெரிகிற அன்றைக்கு, எந்தக் காலேஜுக்கும் எந்தப் பேப்பருக்கும் சொல்வதற்கு முன்னால், முதலில் பண்டசோழநல்லூருக்கு வந்து சொல்ல வேண்டும்.